பேட்டரியைக் கழற்றி மாற்றும் வேப் கருவி: பிரிட்டனில் வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்) விற்பனைக்குத் தடை வந்தது. அன்று தொடங்கி என் மச்சானும் அவனுடைய கூட்டாளிகளும், கோயிலில் பழக்கமான இரண்டு பெரியவர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை. நான் கடைக்காரன் அல்ல. 17 ஆண்டு சிகரெட் குடித்து, அதை விட்டுவிட்டு ஆறு ஆண்டாக வேப்பில் இருப்பவன். மின்கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஆகவே ருசியைப் பற்றிக் குறைவாகவும் பேட்டரியைப் பற்றி அதிகமாகவும் பேசுவேன்.

சிகரெட் பழக்கமே இல்லாதவர் வாங்கலாமா?

வேண்டாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்வதும் இதுதான்: சிகரெட்டைவிட வேப்பில் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது அல்ல, புகைக்காதவர்களும் பிள்ளைகளும் தொடவே கூடாது. 18 வயது ஆகாதவருக்கு விற்பது குற்றம். கீழே எழுதியிருப்பது முழுவதும் சிகரெட்டை விட்டவர்களுக்கும் விட நினைப்பவர்களுக்கும்.

தடைக்குப் பிறகு கடையில் இருப்பதெல்லாம் மறுபடி பயன்படுத்தலாம் என்கிறார்கள். அப்படியென்றால் எல்லாவற்றிலும் பேட்டரி மாற்றலாமா?

இல்லை. பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சட்டம் கேட்பது மூன்று: சார்ஜ் ஏற்ற முடிய வேண்டும், திரவத்தை மீண்டும் நிரப்ப முடிய வேண்டும், காயிலை (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளை) மாற்ற முடிய வேண்டும். பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும் என்று அது கேட்கவில்லை. அதனால் பழைய எறிவேப்பின் அதே பிளாஸ்டிக் உடலில் அடியில் ஒரு சார்ஜ் துளையும் மேலே 'பாட்' எனும் கழற்றும் திரவக் கூடும் வைத்து விற்கிறார்கள். உள்ளே இருக்கும் பேட்டரி பசை போட்டு ஒட்டியதாகவே இருக்கிறது. ஓராண்டில் அது சோர்ந்தால் மொத்தமும் குப்பைக்குப் போகும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதற்கு பேட்டரி தனியாக வாங்க வேண்டுமா?" "ஆமாம், 18650 ஒன்று போட வேண்டும்" என்று பதில் வந்தால் சரியான அலமாரிக்கு முன்னால் நிற்கிறீர்கள். "தேவையில்லை, எல்லாம் உள்ளேயே இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னால் அடுத்த அலமாரிக்கு நகருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் கையில் எடுத்துச் செல்லும் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் பேட்டரிச் சட்டம் சொல்கிறது. சந்தை அந்தப் பக்கம்தான் போகிறது. அதுவரை நாமே தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

பேட்டரியை மாற்றுவதில் அப்படி என்ன லாபம்?

லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முறை சார்ஜ் ஏறி இறங்கினால் முதுமை அடைந்துவிடும். தினம் ஒருமுறை சார்ஜ் போடுபவருக்கு அது பத்து முதல் பதினாறு மாதம். கருவியின் மற்ற உறுப்புகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. என் முதல் கருவி பேட்டரி உள்ளேயே அடைபட்டது. பதினான்காம் மாதம் காலையில் போட்ட சார்ஜ் மதியச் சாப்பாட்டுக்கு முன் தீர்ந்தது. திறந்து பார்த்தேன்: சிப் நன்றாக இருந்தது, திரை பளிச்சென்று எரிந்தது, பொத்தான் புதுசு போல அழுந்தியது. பேட்டரி ஒன்று மட்டும் ஊதிப்போய்த் தன் ஸ்டிக்கரைத் தானே கிழித்துக்கொண்டு நின்றது. ஏழு பவுண்டு சாமானுக்காக ஐம்பது பவுண்டுக் கருவியை அடக்கம் செய்தேன்.

இன்னொரு லாபம், காத்திருக்க வேண்டாம். இரண்டு பேட்டரி வைத்திருந்தால் ஒன்று கருவியில், ஒன்று சார்ஜரில். சுவரோடு கட்டிப்போட்ட ஆடு போல நிற்க வேண்டியதில்லை.

18650, 21700 என்கிறார்களே, அந்த எண்கள் என்ன?

அளவுதான். 18650 என்றால் 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிக்கும். 21700 என்றால் 21 மி.மீ. குறுக்களவு, 70 மி.மீ. நீளம். முன்னதன் எடை 45 முதல் 48 கிராம், பின்னது சுமார் 70 கிராம். 18650-இல் 2500 முதல் 3000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு வழக்கம். 21700-இல் 4000-ஐ ஒட்டி வரும்.

21700 போடும் கருவிகள் சிலவற்றோடு ஒரு பிளாஸ்டிக் குழாய் வரும். அதற்குள் செருகினால் 18650-உம் ஆடாமல் உட்காரும். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

எடை குறைவாக வேண்டும். எதைப் பார்ப்பது?

முதலில் பேட்டரி எத்தனை என்று பாருங்கள். பளபளப்பைப் பிறகு பார்க்கலாம். இரண்டு 18650 போடும் கருவியில் பேட்டரி மட்டுமே 90 கிராமைத் தாண்டும். எனவே ஒற்றை 18650 கருவியோடு நின்றுகொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

அடுத்தது உடல். விலை மலிவான உலோகக் கருவிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அதன் அடர்த்தி அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கையில் வாங்கியதும் "கனமாக இருக்கிறது, நல்ல பொருள்" என்று தோன்றுவது அதனால்தான். கனத்துக்கும் உறுதிக்கும் சம்பந்தம் இல்லை. துத்தநாக வார்ப்பு சிமெண்டுத் தரையில் விழுந்தால் நெளியாது, ஆனால் மூலையில் சாயம் செதில் செதிலாகப் பெயரும். எடை அதிகம் என்பதால் விழும்போது உள்ளே இருப்பதற்கும் அடி பலமாகப் படும். ரப்பர் போர்த்திய பிளாஸ்டிக் உடல் அப்படி விழுந்தால் துள்ளிவிட்டுச் சும்மா கிடக்கும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பேட்டரியும் டேங்கும் (திரவம் நிரப்பும் கலம்) போட்ட கருவியைச் சட்டைப் பையில் வைத்துக் குனியுங்கள். பை தொங்கி கருவி முன்னால் வந்து ஆடினால் அது மேசைக்கு ஏற்றது, உங்கள் பைக்கு ஏற்றது அல்ல.

ஒரு பேட்டரி ஒரு நாளுக்குப் போதுமா?

எப்படி இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்கைப் போட்டுவிடலாம். 3000 மில்லி ஆம்பியர் மணியை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 10.8 வாட் மணி. சிப் தின்றதுபோக 9.7 என்று வையுங்கள். சிகரெட்டைப் போல முதலில் வாயில் நிறுத்திப் பிறகு நெஞ்சுக்குள் இழுப்பவருக்கு 12 வாட் போதும். 3 விநாடி இழுப்பு ஒன்றுக்கு 0.01 வாட் மணி. கணக்குப்படி 900-க்கு மேல் வரும். பேட்டரி அடிவரை வற்றுமுன் கருவி நிறுத்திவிடும் என்பதால் 700 என்று குறைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இழுத்தாலும் மிச்சம் இருக்கும்.

ஹூக்கா போல நேராக நெஞ்சுக்குள் இழுத்து மேகம் விடுபவர் 60 வாட்டில் போடுவார். ஒரு இழுப்புக்கு 0.05 வாட் மணி. இருநூறு இழுப்பில் கதை முடியும். "என் பேட்டரி நிற்பதே இல்லை" என்று புலம்பும் பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கட்சி. சிகரெட்டை விட்டு வருபவருக்கு முதல் முறையே பொருந்தும். ஒற்றை பேட்டரிக் கருவியும் அதற்குத்தான் அமைந்தது.

உறுதியான கருவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்தில் கருவியின் மேல் லாரி ஏற்றிக் காட்டுவார்கள். உங்கள் கருவி லாரிக்கு அடியில் சாகப் போவதில்லை. அது சாகும் இடங்கள் நான்கு: பேட்டரிக் கதவு, டேங்க் திருகும் இடம், சார்ஜ் துளை, பொத்தான்.

கதவில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். மூன்று வகை உண்டு. காந்தத்தில் ஒட்டும் கதவு பார்க்க அழகு, திறக்கச் சுலபம். ஆனால் காந்தம் தளர்ந்தால் கைப்பைக்குள் தானே கழன்று விழும். அடியில் திருகும் மூடி உறுதியானது. மரை கோணலாக ஏறினால் மட்டும் தொல்லை, ஆகவே எப்போதும் முதலில் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி "டக்" என்று உட்கார்ந்ததும் வலப்பக்கம் திருகுங்கள், அம்மா ஊறுகாய்ப் போத்தலை மூடுவது போல. கீலும் கொக்கியும் உள்ள கதவு மூன்றாவது வகை. அதில் கொக்கி உலோகமா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்து ஒரு நாள் தானாகத் திறக்கும். கதவை மூடிவிட்டுக் கருவியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பேட்டரி கடகடவென்று ஆடினால் வேண்டாம்.

டேங்க் திருகும் இடத்துக்கு 510 என்று பெயர். பெரும்பாலான டேங்குகளும் கருவிகளும் அதே மரையில் செய்தவை என்பதால் ஒரு நிறுவனத்தின் டேங்கை மற்றொன்றின் கருவியில் போடலாம். இதுவே நீண்ட ஆயுளுக்குப் பாதி காரணம்: டேங்க் பழசானால் டேங்க் மட்டும் மாறும். நடுவில் இருக்கும் பித்தளைக் குமிழை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங் போல உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அசையாமல் நின்றால், டேங்கை இறுக்கி இறுக்கித் திருகும் பழக்கமுள்ளவர் கையில் அது உள்ளே அமுங்கி, "டேங்க் இல்லை" என்று திரை சொல்லத் தொடங்கும். தனக்கே உரிய பாட் மட்டும் ஏற்கும் கருவி வாங்கினால் அந்தப் பாட் சந்தையில் இருக்கும் வரைதான் கருவிக்கு உயிர்.

சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி இருந்தால் நல்லது. அது நூலில் தொங்காமல் அழுத்தமாக உட்கார வேண்டும். ஐபி 67 என்று அட்டையில் போட்டிருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். கழற்றும் பேட்டரிக் கருவியில் அந்த வாக்குறுதி முழுவதும் கதவோரத்து ரப்பர் வளையத்தின் மேல் நிற்கிறது. வளையத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் வழி கண்டுகொள்ளும்.

பொத்தான்: கருவியைக் குலுக்கும்போது அது கிலுகிலுப்பை போல ஒலித்தால் ஆறு மாதத்தில் சலிப்பு தரும். கெட்டுப்போகும் என்று சொல்லவில்லை, எரிச்சல் தரும்.

பெயர் சொல்லுங்கள். எந்த மாடல்?

மாடல்கள் மழைக்கால ஈசல் போல வந்துபோகும். வகையைப் புரிந்துகொள்ளச் சில பெயர்கள் மட்டும் தருகிறேன்.

அடிபடும் வேலை செய்பவர்களுக்குக் கீக்வேப் நிறுவனத்தின் ஏஜிஸ் சோலோ வரிசை: ஒற்றை 18650, ரப்பர் போர்த்திய உடல், தண்ணீர் தாங்கும். கட்டட வேலைக்குப் போகும் என் மச்சான் அதைத்தான் வைத்திருக்கிறான். அதே குடும்பத்தில் லெஜண்ட் என்பது இரட்டை பேட்டரி. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள். வேபரெஸ்ஸோவின் ஜென் 80 எஸ்ஸும் இன்னோகின்னின் கூல்ஃபயர் இசட்80-உம் ஒற்றை 18650 வகையே. கூல்ஃபயரோடு வரும் ஜெனித் டேங்க் சிகரெட் போல இழுப்பதற்கென்றே செய்தது. எனக்கு மிகவும் பிடித்தது அது. ஆஸ்பயரின் நாட்டிலஸ் டேங்கும் அதே இனம்.

ஒரு எச்சரிக்கை. வூபூவின் டிராக் எஸ், டிராக் எக்ஸ் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி. எஸ்ஸில் 2500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி உள்ளேயே அடைபட்டிருக்கும். எக்ஸில் 18650-ஐக் கழற்றி மாற்றலாம். பெட்டியில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒரு கடையில் எக்ஸ் கேட்ட எனக்கு எஸ்ஸை எடுத்துக் கொடுத்து, "இரண்டும் ஒன்றுதான் அண்ணா" என்றார்கள். ஒன்றல்ல, தம்பி.

பேட்டரி எங்கே வாங்குவது? போலி வருமா?

வரும், நிறையவே வரும். கருவியில் ஐந்து பவுண்டு மிச்சம் பிடியுங்கள், பேட்டரியில் பிடிக்காதீர்கள்.

சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2, மொலிசெல் பி26ஏ போன்றவை தெரிந்த பெயர்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பெரிய பேட்டரி நிறுவனங்கள், பாதுகாப்புச் சுற்று இல்லாத வெறும் பேட்டரியைத் தனி ஆள் வாங்கி வேப்பில் போடுவதை ஆதரிப்பதில்லை; அதற்காகச் செய்யவில்லை என்றே எச்சரிக்கின்றன. அவை மடிக்கணினிக்கும் துளையிடும் கருவிக்கும் கட்டுக்கட்டாகப் போவதற்குச் செய்தவை. கழற்றும் பேட்டரி வேப்பில் பாதுகாப்பு வேலையைக் கருவியின் சிப்பும் உங்கள் கவனமும் சேர்ந்து செய்கின்றன. இதைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுங்கள். இவ்வளவு கவனம் நம்மால் ஆகாது என்று தோன்றினால் உள்ளே அடைபட்ட பேட்டரிக் கருவியே உங்களுக்கு நல்லது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

போலியைப் பிடிக்க வழி உண்டு. முதலாவது, உறையில் 18650-க்கு 6000, 9800 என்று எழுதியிருந்தால் அது பொய். அந்த உடலுக்குள் அவ்வளவு கொள்ளாது. நல்ல நிறுவனங்களின் சரக்கு 3500-ஐ ஒட்டி நின்றுவிடும், அதுவும் அதிக மின்னோட்டம் தராத வகையில். இரண்டாவது, சமையலறைத் தராசு. இணையச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று மச்சான் கொண்டுவந்த இரண்டைப் புளி நிறுக்கும் தராசில் வைத்தேன். ஒன்று 33 கிராம், இன்னொன்று 36. என்னுடையது 46. "எடை குறைவுதானே நல்லது?" என்றான். அந்தப் பத்துப் பதிமூன்று கிராம் உள்ளே இருக்க வேண்டிய சரக்கு என்றேன். பேசாமல் எடுத்து மறுசுழற்சிப் பெட்டியில் போட்டான்.

மூன்றாவது: வேப் கடையிலோ பேட்டரிக்கென்றே இருக்கும் கடையிலோ வாங்குங்கள்.

அட்டையில் 80 வாட் என்று இருக்கிறது. எந்தப் பேட்டரி போட்டாலும் தருமா?

தராது, தரவும் கூடாது. வாட்டை 3.2-ஆல் வகுத்து, வந்த விடையை 0.9-ஆல் வகுங்கள். அத்தனை ஆம்பியரைப் பேட்டரி இடைவிடாமல் தாங்க வேண்டும். 3.2 என்பது பேட்டரி இறங்கும் நேரத்து வோல்ட், 0.9 என்பது சிப் தின்னும் பங்கு. 80 வாட்டுக்கு ஏறத்தாழ 28 ஆம்பியர் வருகிறது. 25ஆர் தாங்குவது 20. ஆக, 80 வரை போகும் கருவியில் அந்தப் பேட்டரி போட்டால் 50 வாட்டைத் தாண்டாதீர்கள். 12 வாட்டில் இழுப்பவருக்கு 4 ஆம்பியரைச் சற்றே தாண்டுகிறது என்பதையும் பாருங்கள். நல்ல பேட்டரி எதுவானாலும் அதற்கு இது தூக்கத்தில் செய்யும் வேலை.

கூட ஒரு பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாமா?

உறைப்பெட்டிக்குள் வைத்தால் வைத்துக்கொள்ளலாம். வெறுமையாக ஒருபோதும் வேண்டாம்.

ஒரு 18650-ஐக் கையில் எடுத்து மேல் முனையைப் பாருங்கள். நடுவில் காசு போன்ற சிறு வட்டம் மட்டும்தான் நேர்முனை. அதைச் சுற்றியிருக்கும் விளிம்பும், பக்கவாட்டு உடலும், அடியும் எல்லாமே எதிர்முனை. இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு வெள்ளைக் காகித வளையமும், வெங்காயத் தோல் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையும். அவ்வளவுதான் காவல். பையில் சாவிக்கொத்தோ சில்லறையோ இருந்து, அது வட்டத்தையும் கிழிந்த விளிம்பையும் ஒருசேரத் தொட்டால் குறுக்குச்சுற்று. உள்ளே சூடு தானாகப் பெருகி, பேட்டரி நெருப்பாய்ப் பீறிடும். செய்தியில் "வேப் வெடித்தது" என்று வருவதில் எத்தனையோ, வேப் அல்ல, கால்சட்டைப் பையில் கிடந்த பேட்டரி.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு ஒரு பிற்பகல், கடையில் பால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது தொடையில் சுரீர் என்றது. பையில் கை விட்டால் சாவிக்கொத்து எடுக்க முடியாத சூடு. வெளியே ஓடிப் பையைப் புரட்டிக் கொட்டினேன். பேட்டரி சீறவில்லை, தப்பித்தேன். விளிம்பில் அரிசிமணி அளவுக்கு உறை கிழிந்திருந்தது. வீட்டுச் சாவியின் பற்களில் கருப்பு. அந்தச் சாவி இன்னும் பூட்டைத் திறக்கிறது, ஆனால் இரண்டு முறை ஆட்டினால்தான். பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் விலை ஒரு பவுண்டோ இரண்டோ. பேட்டரியோடு சேர்த்தே வாங்குங்கள்.

உறை லேசாகக் கிழிந்திருந்தால்?

உடனே நிறுத்துங்கள். கிழிசல் பெரும்பாலும் மேல் விளிம்பில், கருவியின் உலோக நாக்கு உரசும் இடத்தில் வரும். கடைகளில் புது உறை சில பென்சுக்குக் கிடைக்கும். பழையதை நீளவாக்கில் கத்தி படாமல் உரித்து, வெள்ளை வளையத்தை மேலே சரியாக வைத்து, புது உறையைப் போட்டுத் தலை உலர்த்தியால் சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சில கடைகளில் இலவசமாகவே செய்து தருவார்கள். உறை மாற்றலாம், நசுங்கிய, துருவேறிய, கசிந்த பேட்டரிக்கு வைத்தியம் இல்லை.

கருவியிலேயே கம்பி செருகிச் சார்ஜ் போடலாமா?

அவசரத்துக்குப் போடலாம். வழக்கமாகத் தனிச் சார்ஜரில் போடுவது நல்லது. சார்ஜ் துளை தேயாது. பேட்டரியை எடுக்கும் சாக்கில் உறையை ஒருமுறை பார்த்தும் விடுவீர்கள். எக்ஸ்டார், நைட்கோர் போன்ற பெயர் பெற்ற சார்ஜர் ஒன்று போதும், 1 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். கட்டில், மெத்தை, சோபா மேல் வைக்காதீர்கள். தூங்கும்போது போடாதீர்கள். பனிக்காலத்தில் காரில் கிடந்து உறைந்த பேட்டரியை வீட்டுச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் போடுங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே கெடும்.

இரட்டை பேட்டரிக் கருவியை வாங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை இரண்டு, எப்போதும் ஜோடியாக. ஒன்று சோர்ந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

சிப்பே இல்லாத மெக்கானிக்கல் கருவி உறுதியாமே?

உறுதிதான், கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை. தடுக்கவும் உள்ளே ஒன்றும் இல்லை. வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?

இந்தியாவுக்கு வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் அனைத்தையும் தடுக்கிறது. இறக்குமதி, விற்பனை போன்றவற்றில் முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே தடை போட்டிருந்தது. "என் சொந்த உபயோகத்துக்கு" என்ற வாதத்தைச் சென்னை விமான நிலையத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரில் தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள். அங்கே விமானம் மாறுபவர்களும் நினைவில் வையுங்கள். இலங்கையிலும் விற்பனைக்குத் தடை.

தடை இல்லாத நாட்டுக்குப் போனால், கருவியும் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் அல்ல. பேட்டரியைக் கழற்றித் தனித்தனி உறைப்பெட்டியில் வையுங்கள். விமானத்தில் சார்ஜ் போடக் கூடாது. டேங்கைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். மேலே காற்றழுத்தம் குறையும்போது திரவம் கசிந்து பாஸ்போர்ட்டில் மாம்பழ வாசனை வரும். என்னுடையதில் இன்னும் இருக்கிறது.

மொத்தச் செலவு எவ்வளவு?

கருவி 30 முதல் 60 பவுண்டு, பேட்டரி இரண்டு சுமார் 15, சார்ஜர் 15 முதல் 20. எறிவேப் ஒன்று ஐந்து ஆறு பவுண்டுக்கு விற்ற காலத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் போட்டது திரும்பிவிடும். பிறகு காயிலும் திரவமும்தான். திரவத்துக்கு 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி அறிவித்திருக்கிறார்கள். 12 வாட்டில் மெல்ல இழுப்பவருக்கு அந்த அடி சிறியது. மேகம் விடுபவர்களுக்குப் பணப்பை கனம் குறையும்.

பழைய பேட்டரியை எங்கே போடுவது?

குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கும். பேரங்காடி வாசலில் பேட்டரிச் சேகரிப்புப் பெட்டி இருக்கும்; நேர்முனையில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிட்டுப் போடுங்கள். வேப் விற்கும் கடைகள் பழைய கருவியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவை. முகம் சுளித்தாலும் நீட்டுங்கள்.

பழைய கருவியை யாரிடமாவது வாங்கலாமா?

தெரிந்தவரிடமென்றால் கருவியை வாங்கலாம், பேட்டரியை அல்ல. டேங்கின் உறிஞ்சு முனையைக் கழற்றிப் புதிது போடுங்கள். கதவோர ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் திரவம் உள்ளே இறங்கியிருக்கிறது, விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள். என் நான்காண்டுக் கருவிக்கு மச்சானின் கூட்டாளி ஒருவன் 10 பவுண்டு தருகிறேன் என்றான். மூலையெல்லாம் சாயம் போய்விட்டது, மூன்றாம் தலைமுறைப் பேட்டரி ஓடுகிறது. கொடுக்கவில்லை.